எங்கள் சவுக்குத் தோப்பில் பூச்சிப் படம் எடுத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இயக்குநர் அவர்களுக்கும், தயாரிப்பாளர் அவர்களுக்கும், படக்குழுவில் வேலை பார்த்த எல்லோருக்கும்,

உங்கள் டீசரில் ஒரு கை கிணற்றுக்குள் கரண்டியை இறக்குகிறது. நீளமான பிடி வைத்த அலுமினியக் கரண்டி. பிடியின் நுனியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கிறது. அந்த நூலைச் சுற்றியது நான். கரண்டி என்னுடையது.

பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் இடையில் உள்ள குடியிருப்புகளில் கொசுப்புழு ஒழிப்பு வேலை பார்க்கிறேன். தினக்கூலி. பதினோரு வருடம் ஆகிறது. வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீடாகப் போக வேண்டும். தொட்டி, டிரம், உறைகிணறு, ஆட்டுக்கல், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு வரை பார்க்க வேண்டும். புழு இருந்தால் மருந்து ஊற்ற வேண்டும். பார்த்த தேதியை வாசல் நிலையோரம் சாக்பீஸால் எழுத வேண்டும். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் பேரை எழுதிக்கொண்டு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஊரில் எனக்கு 'மருந்தக்கா' என்று பேர். என் சொந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

ஆகஸ்ட் மாதம் உங்கள் ஆட்கள் வந்து தோப்புக்குள் பாழடைந்த ஆய்வுக்கூடம் மாதிரி செட் போட்டார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது. நானும் போய்ப் பார்த்தேன். ஆகஸ்ட் 20 எங்களுக்குக் கொசு தினம். 1897இல் அந்தத் தேதியில்தான் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற டாக்டர் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். அன்றைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் புழுவைக் காட்டிவிட்டுத் திரும்பி வரும்போது உங்கள் கலைப்பிரிவுத் தம்பி ஒருவர் என்னை நிறுத்தினார். "அக்கா, உங்க பையும் கரண்டியும் ஒரு ஷாட்டுக்கு வேணும். ரெண்டு நாள்ல தந்துடுறோம்." எதற்கு என்று கேட்டேன். "உங்க வேலையத்தான்க்கா படத்துல காட்டப்போறோம்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருடத்தில் எங்கள் வேலையைக் காட்டுகிறோம் என்று யாரும் வந்து கேட்டதே இல்லை. மருந்துப் பாட்டிலை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு பையையும் கரண்டியையும் கொடுத்தேன். எப்படிப் பிடிப்பது என்று அந்தத் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். நம் நிழல் தண்ணீரில் விழக்கூடாது, விழுந்தால் புழு சட்டென்று அடிக்குப் போய்விடும். கரண்டியை ஓரமாகச் சாய்த்து மெல்ல அமுக்கினால் தண்ணீர் தானாக வழிந்து உள்ளே வரும், அதோடு புழுவும் வரும். டெங்கு கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கும். மலேரியாக் கொசுவின் புழு தொங்காது. தண்ணீரின் மேல் மட்டத்தோடு ஒட்டி, அறுந்து விழுந்த நூல் துண்டு மாதிரி படுத்துக் கிடக்கும். இதையெல்லாம் சொன்னேன். வாசலில் தேதி போடுவதையும் காட்டினேன். அவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

நவம்பரில் டீசர் வந்தது. என் பையைத் தோளில் மாட்டிய ஒரு பெண் வீடு வீடாகப் போகிறாள். வாசல் நிலையில் சாக்பீஸால் எழுதுகிறாள். கிணற்றில் கரண்டியை விட்டுப் பார்க்கிறாள். பிறகு பாட்டிலைத் திறந்து ஊற்றிவிட்டுச் சிரிக்கிறாள். ராத்திரி ஆனதும் மரபணு மாற்றிய பூச்சிகள் அந்தக் கிணற்றிலிருந்து ஏறி வருகின்றன. சாக்பீஸ் குறி போட்ட வீடுகளுக்குள் மட்டும் நுழைகின்றன. ஒரு குழந்தையின் அலறலோடு டீசர் முடிகிறது.

பேய்ப் படமோ பூச்சிப் படமோ எடுக்கக் கூடாது என்று சொல்ல இதை எழுதவில்லை. பயமுறுத்துகிற படம் எனக்குப் பிடிக்கும். என் பிள்ளைகளோடு ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு, வரும் வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வந்திருக்கிறேன். உங்கள் பூச்சி ஆள் உயரம் இருக்கிறது, அதிலும் எனக்குப் புகார் இல்லை. எங்கள் ஊரில் பூச்சி சேகரிப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். பூச்சிக்கு நம்மைப் போல நுரையீரல் கிடையாது, உடம்பின் பக்கவாட்டில் இருக்கும் சின்னச் சின்னத் துளை வழியாகத்தான் காற்று உள்ளே போகும், அதனால் அவ்வளவு பெரிதாக வளர முடியாது என்று அவர் சொன்னார். காற்றில் ஆக்சிஜன் மிகுந்திருந்த காலத்தில், கிட்டத்தட்ட 30 கோடி வருடத்துக்கு முன்னால், இரண்டடி அகலத்துக்கு இறக்கை விரித்த தட்டான் மாதிரிப் பூச்சிகள் இருந்தன என்றும் சொன்னார். கேட்க ஆசையாக இருந்தது. அந்த மாதிரி எதை வேண்டுமானாலும் கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்தப் பூச்சியைக் கொண்டுவந்து விடுகிற கையை மட்டும் ஏன் என் கையாகக் காட்டினீர்கள்?

டீசர் வந்த நாலாம் நாள் அதிலிருந்து ஒரு துண்டு வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தது. படத்தின் பேர் வருகிற இடத்தை வெட்டிவிட்டு, மேலே ஒரு ஆண் குரலைச் சேர்த்திருந்தார்கள். 'ராமேஸ்வரம் தீவில் மரபணு மாற்றிய கொசுவை வீட்டுக் கிணறுகளில் விடுகிறார்கள், சாக்பீஸ் குறி போட்ட வீட்டுக்காரர்கள் ஜாக்கிரதை' என்று அந்தக் குரல் சொல்கிறது. அந்தத் துண்டை நீங்கள் வெட்டவில்லை, அந்தக் குரலும் உங்களுடையது இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் வெட்டி எடுத்தால் உண்மைச் செய்தி போலவே இருக்கும்படி அந்தக் காட்சியை எடுத்தது நீங்கள். எங்கள் தெரு, எங்கள் கிணறு, எங்கள் பை, எங்கள் சாக்பீஸ் எழுத்து. பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வர அதில் என்ன இருக்கிறது? 1964 டிசம்பரில் ஒரே ராத்திரியில் தனுஷ்கோடியைக் கடலுக்குக் கொடுத்த தீவு இது. ராத்திரியில் ஏதோ வரப்போகிறது என்று சொன்னால் நம்புவதற்கு எங்கள் சனத்துக்கு அதிக நேரம் ஆகாது.

மறுவாரம் நான் வேலைக்குப் போன தெருவை உங்களுக்குச் சொல்ல வேண்டும். காலை எட்டு மணி. வழக்கமாக என் எழுத்து இருக்கும் வாசல் நிலைகள் எல்லாம் ஈரமாக இருந்தன. ஈரத்துணி போட்டுத் துடைத்திருக்கிறார்கள். வரிசையாகப் பன்னிரண்டு வீடு, ஒன்றில்கூடத் தேதி இல்லை. முதல் வீட்டில் கதவு திறக்கவில்லை, உள்ளே டிவி ஓடுகிற சத்தம் கேட்கிறது. இரண்டாவது வீட்டில் ஆள் இல்லை என்று ஒரு சின்னப் பிள்ளையே வந்து சொல்கிறது. ஏழாவது வீட்டுப் பெரியம்மா எனக்குப் பதினோரு வருடமாகக் கடுங்காப்பி கொடுத்தவர். கருவாடு காயப்போட்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து போய் வாசலை மறைத்து நின்றுகொண்டார். பேரனைப் பின்னால் தள்ளிவிட்டார். "கோவிச்சுக்காத தாயி. உள்ள வேணும்னா வா, உக்காரு. அந்தப் பாட்டில மட்டும் திறக்காத" என்றார்.

நான் கோபப்படவில்லை. இந்த மருந்தை ஊற்றிய தண்ணீரைத்தானே பெரியம்மா நானும் குடிக்கிறேன், என் வீட்டுத் தொட்டியிலும் இதைத்தானே ஊற்றுகிறேன் என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கையில் இருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஐம்பது வீடு பார்க்க வேண்டிய நான் ஒன்பது வீடு பார்த்தேன்.

ஒரு வாரம் போனால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். எங்கள் வெயிலுக்கு முட்டை கொசுவாக எட்டு, பத்து நாள் போதும். அதற்காகத்தான் வாரம் தவறாமல் போகிறோம். மூன்று வாரம் ஒரு கிணற்றைப் பார்க்காமல் விட்டால் இரண்டு தலைமுறைக் கொசு வெளியே போய்விடும். ஒரு பெண் கொசு ஒருமுறைக்கு நூறு முட்டைக்கு மேலேகூட வைக்கும். அப்புறம் எவ்வளவு புகை அடித்தாலும் பிடிக்க முடியாது.

அப்படி மூன்று வாரம் எனக்குக் கதவு திறக்காத ஒரு வீட்டில் ஒரு பையனுக்குக் காய்ச்சல் வந்தது. நாட்டுப்படகில் போகிறவன், இருபது வயதுகூட இருக்காது. ஒருநாள் விட்டு ஒருநாள் பல் கிட்டுகிற அளவுக்குக் குளிர், மூன்று போர்வை போட்டும் கட்டில் ஆடுகிறது. இடையில் ஒருநாள் நன்றாக இருந்ததால் கடலுக்கும் போயிருக்கிறான். ஐந்தாம் நாள் தாங்க முடியாமல் கூட்டிக்கொண்டு போனார்கள். மலேரியா என்று முடிவு வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் இந்த வகை மலேரியா ஈரலுக்குள் போய் ஒளிந்துகொள்ளும், சரியாகிவிட்டது என்று நினைத்திருக்கும்போது திரும்ப வரும். அதனால் காய்ச்சல் விட்ட பிறகும் பதினான்கு நாள் மாத்திரை தவறாமல் கொடுக்க வேண்டும். அந்த மாத்திரையையும் அவன் அம்மா கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் வீட்டுப் பின்புறத்து உறைகிணற்றில் நான் வேறொரு கரண்டியை விட்டபோது முதல் தடவை முகந்ததிலேயே புழு வந்தது. அந்தக் கிணற்றுக் கொசுதான் அவனைக் கடித்தது என்று நான் சொல்ல மாட்டேன், யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கிணறு சுத்தமாக இருந்திருக்க வேண்டிய மூன்று வாரம் அது.

இன்னொன்றும் இருக்கிறது. இதைப் பற்றி ஊரில் யாரும் உங்களிடம் பேசவில்லை என்று நினைக்கிறேன்.

பூச்சிகள் மண்ணைப் பிளந்துகொண்டு வரும் காட்சிக்காகத் தோப்புக்குள் ஜேசிபி வைத்துக் குழி தோண்டினீர்கள். மழைக் காட்சிக்கு லாரி லாரியாகத் தண்ணீர் கொண்டுவந்தீர்கள். மணலில் தண்ணீர் நிற்காது என்று குழிகளில் தார்ப்பாய் விரித்தீர்கள். படப்பிடிப்பு முடிந்ததும் ஒட்டுப்பலகையையும் விளக்கையும் ஏற்றிக்கொண்டு போனவர்கள் குழிகளை மூடவில்லை. தார்ப்பாயை எடுக்கவில்லை. ஆய்வுக்கூடத்துக்கு என்று கட்டிய சிமெண்ட் தொட்டி ஒன்றும், நீல டிரம்கள் ஆறும் அங்கேயே கிடக்கின்றன. அக்டோபரில் வடகிழக்கு மழை பிடித்தது. எல்லாம் நிறைந்துவிட்டது.

சவுக்குக் கன்றுக்குத் தண்ணீர் எடுக்கத் தோண்டும் குழிதான் எங்கள் தீவில் மலேரியாக் கொசுவுக்குத் தொட்டில். இது எங்கள் வேலையில் பழைய பாடம். உப்புத் தண்ணீர் சூழ்ந்த இடத்தில் அசையாமல் நிற்கும் நல்ல தண்ணீர், மேலே லேசான நிழல், அதற்கு வேறென்ன வேண்டும். டிசம்பர் முதல் வாரம் உங்கள் குழிகளைப் பார்க்கப் போனேன். மொத்தம் ஒன்பது. ஒவ்வொன்றிலும் பத்து முறை முகந்தேன். வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்த்தால் ஏழு குழியில் புழு. நிழல் பட்டதும் சிதறி, கொஞ்ச நேரத்தில் மறுபடி மேலே வந்து படுத்துக்கொண்டன. நான் உங்கள் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தேனே, அதே மாதிரி. டிரம்களில் டெங்கு கொசுவின் புழு. மருந்து ஊற்றிவிட்டு வந்தேன். ஆனால் வாராவாரம் ஊற்ற என்னிடம் அவ்வளவு மருந்தும் இல்லை, நேரமும் இல்லை. அந்தத் தோப்புக்கும் அந்தப் பையன் வீட்டுக்கும் நடுவில் அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. கொசு அதற்கு மேலேயும் பறக்கும்.

சரி, மரபணு மாற்றிய கொசு என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா என்று ஊரில் என்னைக் கேட்கிறார்கள். நானும் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. இருக்கிறது. பிரேசிலிலும் அமெரிக்காவின் புளோரிடாவிலும் வெளியே விட்டிருக்கிறார்கள். விட்டது ஆண் கொசு. ஆண் கொசு கடிக்காது, பூவின் தேனைக் குடித்துத்தான் உயிர் வாழும். அதோடு சேரும் பெண் கொசுவின் குஞ்சுகள் வளர்ந்து கடிப்பதற்கு முன்னாலேயே சாகும்படி மரபணுவை மாற்றியிருக்கிறார்கள். நம் நாட்டில் மகாராஷ்டிரத்து ஜால்னா பக்கம் 2017இல் கூண்டுக்குள் வைத்துச் சோதித்தார்கள். கூண்டுக்கு வெளியே விட இன்றுவரை அனுமதி இல்லை. புதுச்சேரியில் 2022இல் அறிவித்தார்களே, அது வேறு. அதில் மரபணுவைத் தொடவே இல்லை, கொசுவுக்குள் ஒரு பாக்டீரியாவைப் புகுத்தி டெங்குக் கிருமி வளராமல் செய்கிற வழி. இந்த இரண்டுக்கும் என் பாட்டிலில் இருக்கும் மருந்துக்கும் சம்பந்தமே கிடையாது.

மரபணுவை மாற்றலாமா கூடாதா என்று சனங்கள் கேள்வி கேட்கக் கூடாது என்பது என் எண்ணமில்லை. கேட்க வேண்டும். பிரேசிலில் விட்ட கொசுவின் மரபணு அங்குள்ள சாதாரணக் கொசுவிலும் கலந்திருப்பதாக 2019இல் ஒரு ஆய்வு வந்து, அதன் மேல் பெரிய வாக்குவாதமே நடந்தது. அதை வைத்து நீங்கள் ஒரு படம் எடுத்திருந்தால் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பேன். நான் சொன்ன அந்தப் பெரியவர் இன்னொரு பழைய சங்கதியும் சொன்னார். 1970களில் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து டெல்லியில் மலடாக்கிய கொசுவை விட்டுக் கொசுவை ஒழிக்க முயற்சி செய்தார்களாம். அது கிருமிப் போருக்கான ஒத்திகை என்று பத்திரிகைகளில் வந்தது, நாடாளுமன்றம் வரை போனது, 1975இல் திட்டத்தையே மூடினார்கள். பயந்தவர்களைக் குறை சொல்ல முடியாது, ஒளிவுமறைவு இல்லாமல் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியது திட்டத்தை நடத்தியவர்கள் பொறுப்பு என்பார் பெரியவர். நானும் அதையேதான் உங்களிடம் சொல்கிறேன். எங்கள் ஊரில் இப்போது முன்னால் வந்து பேச வேண்டியவர்கள் நீங்கள்.

2030க்குள் மலேரியாவே இல்லாத நாடு என்று அரசு இலக்கு வைத்திருக்கிறது. அந்த இலக்கு எங்கள் தீவில் ஒரு பெண் ஒரு வீட்டு வாசலில் நின்று "பெரியம்மா, உள்ள வரலாமா" என்று கேட்பதிலும், அவர் "வா" என்று சொல்வதிலும்தான் இருக்கிறது. அந்த "வா" கிடைக்க எனக்குப் பல வருடம் ஆயிற்று. கொரோனா நேரத்தில்கூட அது போகவில்லை.

உங்களிடம் நான் கேட்பது இவைதான். படம் இன்னும் வெளியாகவில்லை என்பதால் எல்லாமே செய்யக்கூடியவை.

முதலில் குழிகள். இந்தக் கடிதத்தைப் படித்த பதினைந்து நாளுக்குள் ஆள் அனுப்பி ஒன்பது குழியையும் மூடுங்கள். தார்ப்பாய், சிமெண்ட் தொட்டி, டிரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். இதற்கு நீங்கள் எந்தக் காட்சியையும் வெட்ட வேண்டியதில்லை.

அடுத்து, கரண்டியும் பையும் சாக்பீஸ் எழுத்தும் வருகிற காட்சிகளைப் படத்திலிருந்தும் டீசரிலிருந்தும் எடுத்துவிடுங்கள். பூச்சியை விடுகிறவர் யாராகவாவது இருக்கட்டும், வீடு வீடாகப் போகிற சுகாதாரப் பணியாளராக வேண்டாம். இது கதைக்கு உயிரான இடம் என்று நீங்கள் சொன்னால், அந்தக் கதை எங்கள் ஊரில் செய்ததை மேலே எழுதியிருக்கிறேன், இன்னொரு முறை படித்துவிட்டு முடிவெடுங்கள். படத்துக்குச் சான்றிதழ் கொடுக்கப்போகிற தணிக்கை வாரியமும் இந்தக் காட்சிகளை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

டீசரை வெளியிட்ட அதே இடத்திலேயே, உங்கள் நாயகியும் இயக்குநரும் முகம் காட்டி ஒரு நிமிடம் பேசுங்கள். இது கற்பனை, ராமேஸ்வரம் தீவில் யாரும் மரபணு மாற்றிய கொசுவை விடவில்லை, வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கதவைத் திறங்கள், காய்ச்சல் என்றால் உடனே ரத்தம் பாருங்கள் என்று நல்ல தமிழில், நிதானமாகச் சொல்லுங்கள். படம் தொடங்கும் முன் யாரும் படிக்க முடியாத வேகத்தில் ஓடுகிற எழுத்து எங்களுக்குப் பயன்படாது. எங்கள் சனங்கள் நடிகர் சொன்னால் கேட்பார்கள். வாட்ஸ்அப் துண்டை விட அது வேகமாகப் போகும்.

ஒருநாள் நேரில் வாருங்கள். கூட்டம், மேடை எதுவும் வேண்டாம். ஏழாவது வீட்டுப் பெரியம்மாவின் வாசலில் என்னோடு வந்து நில்லுங்கள், அது போதும்.

குழி மூட ஆட்கள் வரும்போது முன்கூட்டிச் சொல்லி அனுப்புங்கள். இரண்டு குழி புதருக்குள் இருப்பதால் கண்ணில் படாது, நான் வந்து காட்டுகிறேன். என் கரண்டி இன்னும் உங்கள் கலைப்பிரிவில்தான் இருக்கிறது. ரெண்டு நாள் என்று சொல்லி வாங்கியது. அதையும் அவர்களிடம் கொடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மருந்தக்கா